நீர் சூழ்ந்த குன்றுகள்: கல்லோயாத் தீவுகளும் நீந்தும் யானைகளும்

பேராதனையில் தொடங்கி மட்டக்களப்பின் செங்கலடியில் முடிவுறும் பெருவீதி, பதுளையையும் பசறையையும் கடந்து, லுணுகலைக்கு அப்பால் தேயிலை மலைகளை விட்டுப் பிபிலைத் தாழ்நிலத்துக்கு இறங்குகின்றது. பிபிலையிலிருந்து நில்கல வழியாகக் கிழக்கே பிரியும் பாதையிற் சென்றால் சேனாநாயக்க சமுத்திரத்தின் கரையை அடையலாம். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்றாகிய அதன் நடுவே சிறியனவும் பெரியனவுமாகப் பல தீவுகள் உள. ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு யானைகள் கூட்டமாக நீந்திச் செல்வதைப் படகிலிருந்து காணலாம் என்பதே இவ்விடத்தின் இன்றைய புகழ். சுற்றுலாவுக்கென எழுதப்படும் ஏடுகள் இதனை இயற்கையின் விந்தையென வருணித்து அமைகின்றன. அவ்விந்தையை நாம் மறுக்கவில்லை. ஆயின் அத்தீவுகள் இயற்கை படைத்தவையல்ல. எழுபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வயதே அவற்றுக்கு உண்டு. அவை எவ்வாறு தீவுகளாயின, யானைகள் ஏன் அங்குள்ளன, அங்கிருந்த மனிதர் ஏன் இல்லை என்னும் வினாக்களை ஒருங்கே எழுப்பும்போதுதான் ஊவாப் பிரதேசத்தின் ஒன்றரை நூற்றாண்டுக் கால நில வரலாறு அச்சிறு திட்டுகளிற் பதிந்திருப்பது புலனாகும்.

நன்னீர் நடுவே அமைந்த நிலத்தைக் குறிக்கத் தமிழிற் பழைய சொற்கள் இல்லாமலில்லை. ஆற்றிடைக்குறை, துருத்தி, அரங்கம் என்பன காவிரி தந்த சொற்கள். திருவரங்கமும் திருப்பூந்துருத்தியும் அவற்றாற் பெயர் பெற்ற ஊர்கள். இவை யாவும் ஆறு மணலையும் வண்டலையும் கொணர்ந்து கட்டிய நிலத்தைச் சுட்டுவன. ஆற்றை மனிதன் மறித்தபோது மூழ்காது எஞ்சிய மலையுச்சிக்கு நம் மொழியிற் தனிச்சொல் எதுவுமில்லை. படகோட்டிகள் வெறுமனே தீவு என்கின்றனர். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

கல்லோயா எனச் சிங்களத்தில் வழங்கும் ஆறு கீழ்க்கரைத் தமிழரிடையே பட்டிப்பளை ஆறு எனப் பெயர் பெறும். ஊவாவின் கிழக்கு மலைச்சரிவுகளிற் பிறந்து, ஏறத்தாழ 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலிற் கலக்கின்றது. பசறைக்கு மேற்கே விழும் மழை பதுளை ஓயா வழியே மகாவலியைச் சேர்கின்றது. கிழக்குச் சரிவுகளுக்கு அப்பால் விழுவதில் ஒரு பகுதி கல்லோயாவுக்கு உரியதாகின்றது. மொனராகலை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது 1959இலேயே. ஆதலால் அணை கட்டப்பட்ட காலத்தில் இந்நீர்ப்பிடிப்பு நிலத்தின் மேற்பாகம் பதுளை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. யானைத் தீவுகளைப் பற்றிய ஆய்வு பதுளையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாம் கருதுவதற்கு இது ஒரு காரணம். மற்றைய காரணம் இதனினும் வலிது.

இன்று ஊவாவின் மேட்டுநிலத்தில் யானை இல்லை. பசறைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோர் யானையைக் கோவில் விழாவிற் கண்டிருப்பர், காட்டிற் கண்டிரார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிலைமை வேறு. பதுளையில் அரசாங்க உதவி அதிபராகவும் படைத்தளபதியாகவும் இருந்த மேஜர் தோமஸ் றோஜேர்ஸ் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டுக் கொன்றதாகக் கூறப்படுகிறது. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயின் ஒருவர் ஆயிரக்கணக்கிற் கொன்றார் என்று நம்பப்படுமளவுக்கு ஊவாவில் யானைகள் மலிந்திருந்தன என்பது இதனாற் பெறப்படும். அவர் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானைகளின் சாபம் என அதனை மக்கள் பேசிக்கொண்டனர். றோஜேர்சின் வேட்டை தனிமனிதரின் கேளிக்கை மட்டுமன்று. யானையைக் கொல்வோருக்குத் தலைக்கு இவ்வளவு என அரசாங்கமே வெகுமதி வழங்கிய காலம் அது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு யானைகளும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் இரண்டாயிரம் யானைகளும் கொல்லப்பட்டமையை எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது நூலிற் பதிவு செய்துள்ளார்.

இக்கொலைக்குப் பின்னணியாக நின்றது கோப்பி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் உரித்துப் பத்திரமற்ற காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கி, முதலாளிகளுக்கு விற்பதற்கு வழி திறந்தது. மலைக்காடு வெட்டப்பட்டது, யானைத் தடங்களிற் பல வண்டிப் பாதைகளாயின. தமிழகத்திலிருந்து நடந்து வந்த தொழிலாளர் அக்காட்டை வெட்டினர். 1869இல் கோப்பியிலையைப் பற்றிய நோய் முதன்முதலிற் கண்டறியப்பட்டது பசறைக்கு அணித்தான மடுல்சீமைத் தோட்டமொன்றிலேயே. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, காடு திரும்பி வரவில்லை. மேட்டுநில யானை இவ்வாறு இருமுறை தோற்றுத் தாழ்நிலத்துள் ஒடுங்கியது.

அது ஒடுங்கிய தாழ்நிலமும் ஆதிகாலத்துக் கன்னிக்காடு அன்று. ஊவாவின் கிழக்குப் பகுதி வெல்லச எனப்படும். இலட்சம் வயல்கள் உடையது என்பது அப்பெயருக்குக் கூறப்படும் பொருள். 1817-18 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர்க்கெதிராக ஊவாவில் எழுந்த பெருங்கிளர்ச்சியை அடக்கியபோது, ஆள்பதி பிறவுன்றிக்கின் படைகள் ஊர்களை எரித்தன. கால்நடைகளையும் தானியத்தையும் அழித்தன. நீர்ப்பாசன அமைப்புகள் சிதைந்தன. மனிதர் விட்டுச் சென்ற வயல்களிற் காடு ஏறியது. பிற்காலத்தில் ஆங்கிலேய வேட்டையாளர் பூங்கா நிலம் என வியந்து எழுதிய புல்வெளிகளிற் சில, மனிதரும் தீயும் சேனைப் பயிரும் சேர்ந்து உருவாக்கியவை. நில்கலப் புல்வெளியில் மானா, இலுக்கு ஆகிய புற்களும், அவற்றிடையே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்களும் செறிந்துள்ளன; திரிபலா என வைத்தியர் போற்றும் மூன்றும் ஒரே நிலத்திற் கிடைப்பதனால் அதனைப் பண்டைய மன்னன் ஒருவனின் மூலிகைத் தோட்டமெனக் கருதும் ஐதிகமும் உண்டு. இலங்கையில் ஊவாவின் இப்புல்மலைகளை அண்டியே வர்ணக் கவுதாரி என்னும் பறவை வாழ்கின்றது.

இந்நிலத்தைத் தமதெனக் கொண்டிருந்தோர் வேடர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு பெரிதும் சார்ந்திருந்த குழுக்களுள் ஹெனபெத்த வேடர் முக்கியமானோர். அவர்களின் வாழ்புலம் கல்லோயாவின் மேற்பள்ளத்தாக்கு. அடுத்த தலைமுறையில் அங்கு பலமுறை சென்ற மருத்துவர் ஆர். எல். ஸ்பிற்றெல் 1950இல் வெளியிட்ட நூலுக்கு ‘மறைந்துபோன தடங்கள்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். அணைக்கட்டு வேலை தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது.

1949ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபைச் சட்டம் நிறைவேறியது. ஐக்கிய அமெரிக்காவின் ரெனெசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை இதற்கு முன்மாதிரி. இங்கினியாகலையில் இரு மலைகளுக்கிடையே, 1.1 கிலோமீற்றர் அளவு நீளமான மண்ணணையை மொறிசன்-நூட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் கட்டியது. தேங்கிய நீரின் பரப்பு நிறைகாலத்தில் ஏறத்தாழ 78 சதுரக் கிலோமீற்றர். கொள்ளளவு 95 கோடி கன மீற்றர் அளவினது. 1952இல் மறைந்த பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயர் அதற்கு இடப்பட்டது. பள்ளத்தாக்கு மூழ்கியது, குன்றுகளின் தலைகள் நீருக்கு மேலே நின்றன. வெட்டப்படாது விடப்பட்ட மரங்கள் நின்றநிலையிலேயே பட்டுப்போய், நீர்க்காகங்களுக்கும் மீன்பிடிக் கழுகுகளுக்கும் இருக்கைகளாயின. தீவு பிறந்த வகை இது.

இனி யானையை நோக்குவோம். யானை நீந்துவது அரிய செயலன்று. அது நன்கு நீந்தும் தரை விலங்குகளுள் ஒன்று. சாண்டர்சன் என்னும் யானை பிடிப்பு அதிகாரி 1875இல் டாக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாரக்பூருக்கு 79 யானைகளை அனுப்பியபோது, அவை கங்கையின் கிளையொன்றில் ஆறு மணி நேரம் நிலத்திற் கால் பாவாமல் நீந்தின. ஒரு யானையும் இழக்கப்படவில்லை. நமது கடலிலும் இதற்குச் சான்றுண்டு. 2017 யூலையில் கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து வெகு தூரத்தில் அலைகளுடன் போராடிய யானையொன்றைக் கடற்படையினர் கயிறிட்டுக் கரை சேர்த்தனர். நீந்தும்போது உடல் முழுவதும் அமிழ்ந்திருக்கத் துதிக்கையின் நுனி மட்டும் மேலே மூச்சு வாங்கும். அவ்வாழத்தில் நீரின் அழுத்தத்தைத் தாங்கி மூச்சிழுப்பது பிற விலங்குகளுக்கு இடர் தருவது. யானைக்கோ நுரையீரலைச் சுற்றி ஏனைய பாலூட்டிகளுக்கு உள்ள இடைவெளி இல்லை. நுரையீரல் இணைப்பிழையத்தால் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியுள்ளது. இவ்விசித்திர அமைப்பு துதிக்கையால் மூச்சுவாங்கி நீந்துவதற்கு ஏற்பட்டது என்பது உடற்றொழிலியலாளர் ஜோன் வெஸ்ற் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்த விளக்கம். யானைக் கருவின் சிறுநீரகத்தில் நீர்வாழ் உயிரினங்களுக்குரிய நுண்குழல்கள் காணப்படுவதை 1999இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்டு, யானையின் மூதாதை நீரில் வாழ்ந்திருக்கலாம் எனக் கருதினர். காட்டு விலங்கு எனச் சங்கப் புலவர் குறிஞ்சியில் வைத்த யானை, மருதத்துக்கும் நெய்தலுக்கும் அந்நியமன்று போலும்.

எனவே கல்லோயாவில் நிகழ்ந்தது யானை நீந்தக் கற்றுக்கொண்டமை அன்று. பள்ளத்தாக்கின் குறுக்கே மேய்ச்சலுக்கும் நீருக்குமாக நடந்து திரிந்த கூட்டம், நடந்த வெளியில் நீர் வந்து நின்றபோது அதைக் கடக்கத் தலைப்பட்டது. யானைக் கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பெண் யானை. தடம் பற்றிய அறிவு தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது. நீர்மட்டம் ஆண்டுக்கொரு முறை ஏறி இறங்குகின்றது. வடகீழ்ப் பருவ மழையில் நிறையும் தேக்கம் கோடையில் வற்றும்போது, நீர் விட்டுச்சென்ற ஈரநிலத்திற் புது அறுகும் கோரையும் தளிர்க்கின்றன. ஏனைய காடு காய்ந்து கிடக்கும் அம்மாதங்களில் தீவுகளின் ஓரமும் கரையோரமும் யானைக்கு வாய்ப்பான மேய்ச்சல் நிலம். ஜோர்ஜ் மக்கே 1973இல் வெளியிட்ட தென்கிழக்கிலங்கை யானைகள் பற்றிய ஆய்வும், நடராஜன் ஈஸ்வரன் 1980களின் தொடக்கத்தில் கல்லோயாவில் யானைக்கும் மரத்தாவரங்களுக்கும் உள்ள தொடர்பு பற்றி நிகழ்த்திய ஆய்வும் இந்நிலத்தை உலக விலங்கியலாளருக்கு அறிமுகப்படுத்தின. தமிழர் ஒருவர் தலைப்பட்டுச் செய்த இவ்வாய்வைத் தமிழில் எழுதுவோர் போதியளவு எடுத்தாளவில்லை என்பது நமது குறை.

அணையாற் பிறந்த தீவுகள் உலகில் வேறிடங்களிலும் ஆராயப்பட்டுள. பனாமாக் கால்வாய்க்காகச் சாக்றெஸ் ஆற்றை மறித்தபோது உண்டான பாரோ கொலராடோத் தீவு 1923 முதல் காப்பிடமாக விளங்குகின்றது. வெனிசுவேலாவின் கூரித் தேக்கத்திலெழுந்த சிறு தீவுகளில், கொன்றுண்ணும் விலங்குகள் அற்றுப்போனதனால் இலைவெட்டி எறும்பும் குரங்கும் பெருகி மரக்கன்றுகளை அழித்ததை ரெர்போர்க் முதலியோர் 2001இற் காட்டினர். தாய்லாந்தின் சியூ லார்ன் தேக்கத்தில் 1986-87இற் பிரிந்த தீவுகளின் சிறு பாலூட்டிகள் இருபத்தைந்து ஆண்டுகளுள் ஏறக்குறைய முற்றாக மறைந்து, வெளியிலிருந்து வந்த எலியினம் ஒன்றே ஆட்சி செலுத்தியது. தீவாதல் என்பது பொதுவாக மெல்லச் சாதல் என்பதை இவை உணர்த்துவன. கல்லோயாத் தீவுகளின் சிறப்பு இங்குதான் உள்ளது. ஆண்டுதோறும் நீர் தாழும்போது அவற்றுட் சில கரையோடு இணைகின்றன. இணையாதவற்றை யானை நீந்தி இணைக்கின்றது. விளாம்பழம் முதலியவற்றின் வித்துகள் யானையின் இலத்தியிற் பயணம் செய்து முளைப்பவை. நீந்தும் யானை காட்டின் துண்டுகளைத் தைக்கும் ஊசி எனின் அது மிகையாகாது.

படகோட்டிகள் பறவைத் தீவு எனச் சுட்டும் சிறு பாறைத் திட்டும் உண்டு. நீர்க்காகம், கொக்கு, நாரை முதலியன அதன் மரங்களிற் கூட்டமாகக் கூடு கட்டுவன. நரியும் பூனையும் நீரைக் கடந்து வருவது அரிது. அதுவே பறவைக்குக் காவல். இரையோ பெரும்பாலும் மனிதர் தந்தது. ஆபிரிக்க மீனாகிய திலாப்பியா 1952இல் இலங்கை நீர்நிலைகளிற் புகுத்தப்பட்டது. ஆக, இத்தீவின் நிலம் மட்டுமன்றி அதன் உணவுச் சங்கிலியின் ஒரு கண்ணியும் ஐம்பதுகளின் அபிவிருத்திக் கொள்கையின் விளைவே.

கல்லோயாத் தேசியப் பூங்கா 1954இற் பிரகடனப்படுத்தப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர். அதன் முதல் நோக்கம் யானையைக் காப்பதன்று. தேக்கத்தின் நீர்ப்பிடிப்புக் காட்டைக் காப்பதே. காடு அழிந்தால் மண் கரைந்து வந்து தேக்கத்தைத் தூர்க்கும். தேக்கம் தூர்ந்தால் கீழே உள்ள வயல்கள் காயும். நெல்லின் பொருட்டு நீர், நீரின் பொருட்டுக் காடு, காட்டின் பொருட்டு யானை என்னும் வரிசையில் யானை இறுதியிற் பாதுகாப்புப் பெற்றது. நூறாண்டுக்கு முன் கோப்பியின் பொருட்டு அதன் தலைக்கு விலை வைத்த அதே அரச நிறுவனத்தின் வழிவந்தோர், இப்போது நெல்லின் பொருட்டு அதற்கு எல்லைக்கல் நாட்டினர். இரண்டிலும் முடிவு செய்தது பயிரே.

எல்லைக்கல்லுக்குள் மனிதருக்கு இடமிருக்கவில்லை. வேடரின் சிறந்த வேட்டைக்காடுகள் நீரில் மூழ்கின, எஞ்சியவை பூங்காவாயின. அவர்தம் வழிவந்தோர் இன்று ரத்துகல போன்ற ஊர்களிற் பயிர் செய்து வாழ்கின்றனர். காட்டில் வேட்டையாடுதல் அவர்க்குக் குற்றம். அதே காட்டுக்கு அயல்நாட்டவரை வழிகாட்டி அழைத்துச் செல்வது சிலருக்குத் தொழில். அணைக்குக் கீழே நிலைமை வேறு வகைப்பட்டது. அங்கு நிலம் வெறுமையாகக் கிடந்தது என்பது பிரசார வாசகம். பட்டிப்பளை ஆற்றின் கீழ்ப்பாகத்திற் தமிழரும் முஸ்லிம்களும் நெடுங்காலமாக நெல் விளைவித்து வந்தனர். புதிய வாய்க்கால்களின் தலைப்பகுதிக் குடியேற்றங்களிற் பெரும்பான்மை சிங்கள விவசாயிகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1956 யூனில், சிங்களம் மட்டும் சட்டத்தை ஒட்டி, இப்பள்ளத்தாக்கில் தமிழர்மீது நிகழ்ந்த வன்செயலில் நூற்றைம்பது பேர் வரை கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. சுதந்திர இலங்கையின் முதற் பெரும் இனக் கொலை அது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது.

பசறையை மறந்துவிடலாகாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தேர்தற் சட்டத் திருத்தம் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தது. கல்லோயாச் சபை அமைந்ததும் அதே 1949. முடிக்குரிய காணியைப் பங்கிட்ட 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ‘இலங்கையர்’ என வரையறுத்த வகுப்பினுள் இந்திய வம்சாவளித் தொழிலாளர் முன்னரே அடங்கவில்லை. ஆகவே ஊவா மலையின் நீர் கீழிறங்கிப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வயலாக மாறிய காலத்தில், அம்மலையிற் காட்டை வெட்டித் தோட்டமாக்கியோரின் வழித்தோன்றல்கள் ஒரு குழி நிலத்துக்கும் விண்ணப்பிக்கும் தகுதியற்றிருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கான பிரசாவுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்வு கண்டது. யானைக்குக் காப்பிட எல்லை வகுத்த சட்டத்துக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு. விலங்குக்கு மிகுதியாகக் கொடுக்கப்பட்டது என்பது நமது வாதமன்று. யானைக்கும் நிலம் போதவில்லை என்பதற்குப் பூங்காவின் எல்லையில் நாட்டப்பட்ட மின்வேலிகளும், நாடளாவிய அளவில் 2022இல் மட்டும் இறந்த நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் சான்று. யானையையும் தொழிலாளியையும் ஒரே காட்டுக்காகப் போட்டியிடும் பகைவராக்கிய நிலவுடைமை முறையே ஆய்வுக்குரியது.

இத்தீவுகளின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு உடனடியாகச் செய்தற்குரிய பணியொன்று உண்டு. அணைக்கு முற்பட்ட ஓரங்குல நிலஅளவைப் படத்தாள்களில் இப்பள்ளத்தாக்கின் குன்றுகளும் ஓடைகளும் வரையப்பட்டுள. அவற்றை இன்றைய நீர்ப்பரப்பின்மீது பொருத்தினால் ஒவ்வொரு தீவும் முன்னர் எந்த மலையின் தலை என்பது தெரியவரும். மூழ்கிய குன்றுகளின் வேடர் வழக்குப் பெயர்களை ரத்துகல முதியோரிடமும், ஆற்றின் பழைய துறைப் பெயர்களைக் கீழ்க்கரை விவசாயிகளிடமும், லுணுகலை வழியே கீழிறங்கிய வண்டிப்பாதையின் பெயர்களைத் தோட்டத்து மூத்தோரிடமும் சேகரிக்கலாம். மூன்று மொழி வழக்கிலும் அப்பெயர்களை அறிந்தோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.